கன்னியப்பன் போட்ட கறுப்புக் கல்

கன்னியப்பன் போய்விட்ட செய்தியை யேசுதாஸ்தான் கொண்டுவந்தான். தங்கச் சுரங்கத்தில் காலை ஷிப்ட் இறங்குகிற நேரம். டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் பூமிக்கடியில் இறங்கப் போகிறவர்களின் பித்தளை வில்லைகளை வாங்கி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன். யேசுதாஸ் தன் முறை வந்ததும் வில்லையைக் கொடுக்காமல் சும்மா நின்றான். அவனுக்குப் பின்னால் நின்றவன், "இன்னாப்பா, நின்னுகினே தூங்கிட்டியா?" என்று முதுகைத் தட்டினான்.

"கன்னியப்பண்ணன் பூட்டாரு, சின்ன மேஸ்திரி," என்றான் யேசுதாஸ். "விடிகாத்தால உசிரு போச்சாம். அண்ணி ஆள் அனுப்பிச்சாங்க. சபைக் கொட்டாயில கொண்டாந்து வெக்கிறோம். வாங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்கு அழுகை வரவில்லை. அவன் பாடையைத் தூக்க என்னை விடுவார்களா என்ற கேள்விதான் வந்தது. சிநேகிதன் செத்த செய்தி காதில் விழுந்த உடனே பாடையைப் பற்றி யோசிக்கிறவன் என்ன மனிதன் என்று நீங்கள் கேட்கலாம். கன்னியப்பனையும் அவனுடைய சபையையும் அறிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். அறியாதவர்களுக்காக மேலே எழுதுகிறேன்.

காலமானவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. இரண்டு வரி அப்படி எழுதிப் பார்த்தேன். யாரோ ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதுவதுபோல இருந்தது. அவன் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பான். நாங்கள் ஒரே வயதுக்காரர்கள். அவன் இவன் என்றே பேசிப் பழகியவர்கள். அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பழக்கம் ஒரு வாசற்படியில் ஆரம்பித்தது. கோரமண்டல் சுரங்கத்தில் கணக்கு எழுதுகிற வாலிபர்கள் சேர்ந்து ஒரு வாசகசாலை வைத்திருந்தார்கள். மெட்ராஸ் பத்திரிகை வரும். சதுரங்கப் பலகை ஒன்று உண்டு. தரையில் நல்ல கோரைப்பாய் விரித்திருக்கும். நான் டைம் ஆபீசில் சேர்ந்த உடனே என்னைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். கன்னியப்பன் அப்போது பூமிக்கடியில் பாறையில் டிரில் அடிக்கிற ஆள். ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்துப் படித்திருந்தான். பத்திரிகை வாசிப்பதில் அவனுக்குக் கொள்ளை ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தேய்த்துக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களைச் சேர்ப்பதில்லை என்பது அங்கே விதி. காரியதரிசி கெட்டவர் இல்லை, மெதுவாகத்தான் சொன்னார். "தப்பா நெனச்சுக்காதேப்பா. பாயெல்லாம் சேறாயிடும்னு எல்லாருமா சேர்ந்து வெச்ச விதி." கன்னியப்பன் தன் காலைக் குனிந்து பார்த்தான். என் காலைவிடச் சுத்தமாக இருந்தது. "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். என் அப்பாவிடமிருந்து வந்த சொத்து அது ஒன்றுதான். பின்னாலேயே ஓடினேன். சூப்பிரண்டெண்டு துரைக்கு மனு எழுதுகிறேன், எப்படிச் சேர்க்காமல் போகிறார்கள் பார்க்கலாம் என்று குதித்தேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னாத்துக்கு மனு? அவங்க வூடு, அவங்க கதவு. உள்ள யாரு வரணும்னு அவங்கதான் சொல்லணும்."

"உனக்கு ரோசமே இல்லையா?"

"கீது. அதுக்காக இன்னொருத்தன் வூட்டுக் கதவை துரைய வுட்டு ஒடைக்கச் சொல்றதா? உள்ள பூந்துட்டு, மூஞ்சி சுளிக்கிறவன் பக்கத்துல குந்தினு பேப்பர் படிக்கணுமா? நீ படிச்சிட்டு வந்து சொல்லு, போதும்."

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை நான் பத்திரிகை படித்துவிட்டு வந்து அவனுக்குச் சொல்ல வேண்டும் என்றாகிவிட்டது. வாசகசாலையை நான் விட்டுவிடுவதாகச் சொன்னபோதும் அவன் ஒப்பவில்லை. தனக்கு வேண்டிய சமாசாரம் நின்றுபோய்விடுமாம். இது ரோசமா, காரியவாதமா, எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சாவு நடந்தது. ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாலிபன் மேல் பாறை சரிந்துவிட்டது. இங்கே அவனுக்கு உற்றார் உறவினர் யாரும் கிடையாது. அவனை ஊரிலிருந்து அழைத்துவந்த மேஸ்திரி நாலு ஆட்களைக் கூப்பிட்டு, "சட்டுனு தூக்கிப் போட்டுட்டு ஷிப்டுக்கு வந்து சேருங்க" என்று சொல்லிவிட்டார். அவர்களும் அப்படியே செய்தார்கள். இடுகாட்டுக்குப் போகிற மாரிகுப்பம் மேட்டில் ஓட்டமும் நடையுமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாடை ஆடிய ஆட்டத்தில் பிணத்தின் ஒரு கை வெளியே தொங்கிக்கொண்டே போனதாம். தூக்கிய நாலு பேரில் கன்னியப்பன் ஒருவன். அந்த மேஸ்திரி என் அப்பா.

இதைக் கன்னியப்பன் என்னிடம் ஒருமுறைதான் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. "ஓடினோம்பா. பொணத்த வெச்சினு ஓடினோம்," என்றான். அந்த மாதமே 'வாலிபர் சகாய சபை' ஆரம்பமானது. யார் செத்தாலும் சபையார் தோள் கொடுத்து, நிதானமாக நடந்து கொண்டுபோய் அடக்கம் செய்வது; அதற்காக அன்றைக்கு ஷிப்ட் போனாலும் போகட்டும் என்பது. அதுதான் அவர்களுடைய முதல் காரியம். சாதி கேட்பதில்லை, வேதக்காரனா இந்துவா என்று பார்ப்பதில்லை. கேஜில் இறங்குகிற யாரும் சேரலாம். ஆனால் மேஸ்திரியும் மேஸ்திரி வீட்டு ஆண்பிள்ளைகளும் சேரக்கூடாது. சபையில் இருந்தவன் செத்தால் சபையார் தோள் தவிர வேறு தோள் படக்கூடாது. இந்த இரண்டு விதிகளும் கன்னியப்பன் சொல்லி வந்தவை.

எங்கள் அப்பா கண்ணை மூடிய பிறகு அவருடைய தொழிலை நான் எடுக்கவில்லை. எனக்கு அது வராது, பிடிக்கவும் பிடிக்காது. ஆனாலும் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லைனில் எல்லோருக்கும் நான் 'சின்ன மேஸ்திரி'தான். ஒரு ஆளைக்கூட ஊரிலிருந்து அழைத்துவராத மேஸ்திரி இந்தப் பூமியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விதியைத் தளர்த்த ஒரே ஒரு வழி இருந்தது. வருஷா வருஷம் ஆண்டு விழாவன்று, விதிக்கு வெளியே இருக்கிற ஒருவன் கேட்டால் கல் போட்டுப் பார்ப்பார்கள். துரைமார் கிளப்பில் புது ஆளைச் சேர்க்கும்போது வெள்ளையும் கறுப்புமாக உருண்டைகளைப் பெட்டிக்குள் போடுவார்கள் என்று அங்கே சமையல் பார்த்த ஒருவர் சொல்லிக் கன்னியப்பன் கேட்டிருந்தான். அதையே இங்கே கொண்டுவந்துவிட்டான். ஒவ்வொருவரும் ஒரு வெள்ளைக் கல்லும் ஒரு கறுப்புக் கல்லும் எடுத்துக்கொள்வார்கள். துணி மூடிய பானைக்குள் கையை விட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, மற்றதை அதேபோல மூடிய கூடைக்குள் போட்டுவிட வேண்டும். அத்தனையும் வெள்ளையாக விழுந்தால் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு கறுப்பு விழுந்தாலும் இல்லை.

நான் கேட்டேன். கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். கன்னியப்பன் வந்தான்.

"ஒரு கறுப்பு வுழுந்திச்சு ஏகாம்பரம்."

"எவன்டா அவன்?"

"எவன்னு தேடாத. நான்தான் போட்டேன்."

அதற்கு முந்தின நாள்தான் என் வீட்டில் உட்கார்ந்து என் மனைவி கையால் களி வாங்கித் தின்றுவிட்டுப் போயிருந்தான். "ஏண்டா?" என்றேன். "பொறவு சொல்றேன்," என்றான். பிறகு சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

அடுத்த வருஷம் ஆண்டு விழாச் சாப்பாட்டுக்கு விருந்தாளியாக என்னை அழைத்திருந்தான். விருந்தாளி வரலாம், அதற்குத் தடை இல்லை. பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் கொட்டகைக்குள் காலை வைத்தேன். அவ்வளவுதான், அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். யேசுதாஸின் வாயில் சோறு. மெல்லாமல் அப்படியே நின்றான். ஒருவர் எழுகிற வேகத்தில் இலையை மிதித்துவிட்டார். மேஸ்திரியைக் கண்டால் எழுகிற பழக்கம், யாரும் யோசித்து எழவில்லை. எழுந்தபிறகுதான் எழுந்திருப்பது அவர்களுக்கே தெரிந்தது. பரிமாறிக்கொண்டிருந்த கன்னியப்பன்கூட, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் அதைத் திரும்பக் கட்டிக்கொண்டதை நான் பார்த்தேன்.

வெளியே வந்து என் தோளில் கை போட்டான். "பாத்தியா? எனக்கே கை போயிடுச்சு. உன்ன எத்தினி நாளா தெரியும் எனக்கு! நீ நல்லவன்னு இவங்க எல்லாருக்கும் தெரியும்பா. காலுக்குத் தெரியலியே. குந்தினது குந்தினபடியே இருக்கறதுக்கு ஒரு எடம் வேணும்னுதானே இந்தக் கொட்டாயப் போட்டோம்."

அவன் சொன்னது சரியென்று பட்டது. நான் செய்த தப்பு என்ன என்றும் பட்டது. இரண்டும் ஒரே நெஞ்சில் கிடந்தால் மனிதன் எப்படிச் சோறு சாப்பிடுவான்? சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

ஒருநாள் ரயிலடியில் உட்கார்ந்து விடாப்பிடியாக அவனிடம் வாதாடினேன். வாசகசாலைக்காரன் உன்னை வெளியே நிறுத்தினான். நீ என்னை வெளியே நிறுத்துகிறாய். அவனுக்கும் உனக்கும் என்னடா வித்தியாசம் என்று கேட்டேன்.

"அவங்க கதவு எங்கள கீழ வெக்கறதுக்கு. எங்களுது நாங்க நிமுந்து குந்தறதுக்கு," என்றான். பிறகு அவனே தலையைச் சொறிந்துகொண்டான். "ஆனா வெளிய நிக்கிறவனுக்கு ரெண்டும் கதவுதான். அது எனக்கும் கொயப்பமாத்தான் கீது."

அவனுக்கே குழப்பம் என்றால் நான் எம்மாத்திரம்!

இந்த நிலையில்தான் தங்கக் கல் சட்டம் வந்தது. சுரங்கத்திலிருந்து எடுத்த வெள்ளைக் கல்லை அனுமதியில்லாமல் யார் வைத்திருந்தாலும் குற்றம். தங்கம் அந்தக் கல்லுக்குள்தானே இருக்கிறது! தண்டோரா போட்டார்கள். சபையாரும் கேட்டார்கள். கேட்டுவிட்டு, கல் திருடுகிறவனுக்குச் சரியான பாடம் என்று பேசிக்கொண்டார்கள். தங்கள் பானைக்குள் இருப்பது அதே கல்தான் என்பது ஒருவனுக்கும் உறைக்கவில்லை. ஒவ்வொருவனும் தான் வேலை செய்த லெவலிலிருந்து, அதாவது சுரங்க அடுக்கிலிருந்து, ஆசையாகக் கொண்டுவந்த கல் அது. கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆகியிருந்தது. அவர்களுக்கு அது ஓட்டுப் போடுகிற கல், அவ்வளவுதான். தினமும் டன் கணக்கில் அதை உடைக்கிறவர்கள், அதைப் பானையில் பார்த்தபோது அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வேறெந்த ஊரிலும் இப்படி ஒரு கூத்து நடக்காது.

காவல்காரர்கள் லைனில் சோதனை போட்டபோது பானை அகப்பட்டது. பானை நிறையத் தங்கக் கல்! கன்னியப்பனைக் கொண்டுபோனார்கள். அவன் மனைவி பச்சையம்மா தலைவிரி கோலமாக என் வீட்டுக்கு ஓடிவந்தாள். "அண்ணே, அவர ஜெயில்ல போட்டுடுவாங்களாம்ணே. கல்லு எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாராம்," என்று அழுதாள்.

விசாரணைக்குப் போனேன். மேஜை மேலே கற்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். சபையில் ஆள் சேர்க்கக் கல் போடுவோம் என்கிறவரை கன்னியப்பன் சொல்லிவிட்டான். "அப்படியானால் இந்தக் கல்லால் யாரையாவது தள்ளியிருக்கிறீர்களா? ஒரு ஆளைக் காட்டு," என்றார் விசாரித்த அதிகாரி. நியாயமான கேள்விதான். கன்னியப்பன் வாயைத் திறக்கவில்லை. பானைக்குள் விழுந்ததைச் சேரக் கேட்டவனுக்குத் தவிர வெளியே சொல்லக்கூடாது என்பது சபையின் விதியாம். ஜெயிலுக்குப் போனாலும் விதியாம். நான் அங்கேதான் நிற்கிறேன், அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நானே முன்னால் போய் நின்றேன். "என்னைத் தள்ளினாங்க ஐயா," என்றேன். வருஷா வருஷம் கேட்டேன், வருஷா வருஷம் கறுப்பு விழுந்தது என்று சொன்னேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி மகனைக் கூலிக்காரர்கள் சேர்க்கவில்லையாம், அதை அவனே வந்து சாட்சி சொல்கிறானாம்! காது இரண்டும் சுட்டது. அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு கல்லை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். அதன் வழவழப்பு அவருக்கும் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கல்லைப் பறிமுதல் செய்துகொண்டு, ஆளை எச்சரித்து விட்டுவிடுகிறேன் என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் என்னைப் பார்த்து இன்னொன்றையும் கேட்டார். "அந்தக் கொட்டகை நிற்பது சுரங்கத்து நிலம். இங்கே வேலை செய்கிற எவனையும் தள்ளக்கூடாது என்று என்னால் சொல்ல முடியும். உனக்குக் குறை இருக்கிறதா? இருந்தால் இப்போதே சொல்."

ஒரு வார்த்தை போதும். நான் உள்ளே போய்விடலாம். கன்னியப்பன் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வையும் இல்லை, மிரட்டுகிற பார்வையும் இல்லை. என்ன சொல்லப்போகிறேன் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவன்போலப் பார்த்தான்.

"குறை இருக்குதுங்க," என்றேன். "ஆனா அது அவங்க சபைங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னைக் கேட்காதீர்கள். வாசகசாலை வாசலில் அவன் சொன்னதைத்தான் என் வாய் திருப்பிச் சொன்னது. எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்றால் தெரியாது. துரை உத்தரவோடு நான் உள்ளே போனால் அவர்கள் எழுந்து நிற்காமல் என்ன செய்வார்கள் என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வரும் வழியில் கன்னியப்பன் வறுத்த மல்லாக்கொட்டை வாங்கி என் மடியில் கொட்டினான். வீடு வரும்வரை இரண்டு பேரும் உரித்துத் தின்றுகொண்டே வந்தோம். வாசலில் நின்று, "இந்த வருசமும் கேளு," என்றான்.

கேட்டேன். வெள்ளைக் கல் போய்விட்டதால் உடைந்த பீங்கான் தட்டுச் சில்லுகளை வெள்ளையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு அதே கறுப்புக் கல்தான். அதற்குச் சட்டம் இல்லை. வேப்பமரத்தடியில் நின்றேன். நம்பிக்கையோடு நின்றேன் என்பதை மறைக்க மாட்டேன்.

"ஒரு கறுப்பு, ஏகாம்பரம்."

"நீதானா?"

"நான்தான்."

அடித்திருப்பேன். கையை ஓங்கியும் விட்டேன். அவன் நகரவில்லை. "நீ எனக்கு ஒத்தாசை பண்ணதுக்காகத் தொறந்தா, அது உனக்குக் கூலி குடுத்த மாதிரி ஆயிடும்பா," என்றான். போடா என்று சொல்லிவிட்டு வந்தேன். பல வாரம் பத்திரிகைச் சமாசாரம் சொல்லப் போகவில்லை. கடைசியில் அவனே வந்தான், ஒன்றும் நடக்காதவன்போல, உலகத்தில் என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டு.

அதற்குப் பிறகு வந்த ஆண்டு விழாக்களைத் தனித்தனியாக எழுதுவதற்கு ஒன்றுமில்லை. நான் கேட்பேன். ஒரே ஒரு கறுப்பு விழும். ஒன்றுக்கு மேல் விழுந்ததும் இல்லை, விழாமல் இருந்ததும் இல்லை. அவன் வந்து நான்தான் என்பான். சில வருஷம் சண்டை போட்டேன். சில வருஷம் சிரித்துவிட்டு இரண்டு பேரும் கள்ளுக்கடைக்குப் போனோம். வாலிபர் சபை என்ற பெயர் மாறவில்லை, வாலிபர்களுக்குத்தான் நரை விழ ஆரம்பித்தது.

கன்னியப்பனுக்கு நரை வருவதற்கு முன்பே இருமல் வந்துவிட்டது. டிரில் அடிக்கிறவர்களுக்கு வருகிற இருமல், கல்தூசி நெஞ்சில் இறங்கி உட்கார்ந்துகொள்வது. கடைசி மாதம் அவன் பாயை விட்டு எழவில்லை. மத்தியானம் போனால் பச்சையம்மா கஞ்சி வைத்து ஊட்டிக்கொண்டிருப்பாள். நான் பத்திரிகைச் சமாசாரம் சொல்வேன். ஒருநாள் நடுவிலே நிறுத்தினான்.

"நான் பூட்டா என்னத் தூக்க வருவியா?"

"நீ விட்டால்தானே! உன் சபை, உன் விதி."

"கேட்டுப் பாரு. நான் சொல்லி வெக்கிறேன்."

"நீ இல்லாவிட்டால் கறுப்பு விழாது, அப்படித்தானே?"

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆயிற்று. பச்சையம்மா என்னை முறைத்தாள். மூச்சு வந்தபிறகு, "அது எனக்கெப்டிபா தெரியும்?" என்றான். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

சாவுச் செய்தி வந்த அன்று காலை யேசுதாஸோடு கொட்டகைக்குப் போனேன். கன்னியப்பனைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் சபையார் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் உள்ளே நுழைந்தேன். யாரும் எழவில்லை. என்னைப் பார்த்தார்கள், நகர்ந்து இடம் விட்டார்கள், அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நானும் தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவனுக்காக அழுதேனா, யாரும் எழாததற்காக அழுதேனா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இதைப் பார்க்க அவனுக்கு ஒரு நாள் கிடைத்திருக்கக்கூடாதா?

இப்போது காரியதரிசி யேசுதாஸ். எழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "அண்ணன் போறதுக்கு முன்னால ஒண்ணு சொன்னாரு. தன்னத் தூக்கறதுக்கு சின்ன மேஸ்திரி கேட்டா, ஆண்டு விழா வரைக்கும் பாக்க வேணாம், இங்கியே கல்லு போட்டுப் பாத்துடுங்கன்னாரு." என் பக்கம் திரும்பினான். "கேக்கிறீங்களா?"

கேட்கிறேன் என்றேன். வேப்பமரத்தடிக்குப் போய் நின்றேன். ஜன்னல் வழியாகச் சில்லு விழுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. இந்தத் தடவை எனக்குச் சந்தேகமே இல்லை. கறுப்புக் கல் போடுகிறவன் உள்ளே படுத்திருக்கிறான், அவன் கையைக் கட்டியிருக்கிறார்கள். அவனை எந்தத் தோளில் தாங்குவது, வலதா இடதா என்றுகூட நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

யேசுதாஸ் வெளியே வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. உள்ளங்கையைத் திறந்து காட்டினான். ஒரு கறுப்பு.

"யாருன்னு தெரியாதுங்க. சத்தியமா தெரியாது," என்றான். அவன் கண்ணில் நீர். "இன்னொரு வாட்டி போடச் சொல்றேன். நீங்க சொன்னா..."

வேண்டாம் என்றேன். ஒருமுறைதான் விதி. கன்னியப்பன் வைத்த விதி.

தூக்கினார்கள். நான் பின்னால் நடந்தேன். மாரிகுப்பம் மேடு ஏறும்போது அவர்கள் எவ்வளவு மெதுவாகப் போனார்கள் என்று சொல்ல வேண்டும். தோள் மாற்றும்போதுகூடப் பாடை குலுங்கவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிறது என்று ஒருவனும் சூரியனைப் பார்க்கவில்லை. என் அப்பா ஓட விட்ட அதே மேட்டில் கன்னியப்பன் ராஜா மாதிரி போனான். எனக்கு இடம் இல்லாத அந்தத் தோள்களைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, அந்தக் கறுப்பைப் போட்டுவந்தது யார் என்று பச்சையம்மாவைக் கேட்டேன். "உங்க பேரச் சொல்லாத நாளு இல்லண்ணே. சபை வெசயம் மட்டும் எனக்கும் சொல்ல மாட்டாரு," என்றாள். அவளுக்கும் தெரியாது.

யோசித்துப் பார்க்கிறேன். இத்தனை வருஷமும் அந்தக் கறுப்பை வேறு யாரோ போட்டிருக்கலாம். அந்த ஆளை நான் தேடிப் பிடித்துப் பகைத்துக்கொள்ளக்கூடாது, அவனும் எனக்குப் பயந்து வாழக்கூடாது என்று கன்னியப்பன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கலாம். அப்படியானால் என்னுடைய இத்தனை கோபத்தையும் வாங்கிக்கொண்டு, எனக்கு வெள்ளையே போட்டுவந்த ஒருவனைத்தான் நான் அடிக்கக் கை ஓங்கினேன். அல்லது அவன் சொன்னதெல்லாம் நிஜமாக இருக்கலாம். அவன்தான் போட்டிருப்பான், அவன் போனபிறகு, அவன் இருந்தால் போட்டிருப்பானே என்று அவன்மேல் வைத்த விசுவாசத்தில் வேறொருவன் போட்டிருப்பான். ஒரு நாள் முதலாவது சரியென்று படுகிறது. மறுநாள் இரண்டாவது. விதி நல்லதா கெட்டதா என்று யாராவது என்னைக் கேட்டாலும் இதே கதைதான். மேட்டில் அவர்கள் நடந்த நடையை நினைத்தால் நல்லது. பின்னால் நடந்த என்னை நினைத்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

கன்னியப்பனுடையது என்று என்னிடம் இருப்பது ஒன்றுதான். யேசுதாஸ் அன்றைக்குக் காட்டிய அந்தக் கறுப்புக் கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். டைம் ஆபீஸ் ஜன்னலில், காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். அவன் போட்டதில்லை அது. தான் போட்டதாக அவன் சொல்லிவந்த கறுப்புக் கற்களின் வரிசையில் கடைசிக் கல் அது.

வருகிற ஆண்டு விழாவிலும் கேட்பேன். வேப்பமரத்தடியில் நிற்பேன். கறுப்பு விழுந்தாலும் விழும். நான்தான் போட்டேன் என்று வந்து சொல்லத்தான் இனி ஆள் இல்லை.